நீண்டுபோன நடைவழிக்குச் சின்னப் படங்கள்

மதுரைக்குத் தெற்கே, வைகைச்சாரல் என்று பேர் வைத்து வைகை கண்ணுக்கே தெரியாத இடத்தில் கட்டிய அடுக்ககத்தின் மூன்றாம் மாடி நடைவழி, ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் போடுகிறவர் லிஃப்டை விட்டு இறங்கிய நேரத்திலிருந்து நீள ஆரம்பித்தது. ஏன் நீண்டது என்று கேட்காதீர்கள். புடலங்காய் நுனியில் கல்லைக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு இறங்குகிறது, யாராவது பந்தலடியில் போய் நின்று காரணம் கேட்கிறார்களா? அதுபோலத்தான் இதுவும். சுவர் விரியவில்லை, தரை பிளக்கவில்லை, டைல்ஸ் ஒன்றுகூட அசையவில்லை, நேற்று லிஃப்டிலிருந்து கடைசி வீட்டுக்குப் போக எடுத்த மூச்சு இன்று போதவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அந்த மாடிக்காரர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் கால் வலிக்கிறது என்றார்கள், பிறகு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டார்கள், அதற்கும் பிறகு மூக்கம்மா என்கிற வெள்ளரிப்பிஞ்சுக்காரி நடைவழியின் நட்டநடுவில் கூடையை இறக்கி, வெயிலும் இல்லை போலீசும் இல்லை, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில்கூட இப்படி ஓர் இடம் அமையாது என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கீழ்மாடிகளில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம் சாயங்கால நடைக்கு மேலே ஏறி வந்தார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரஞ்சோதிதான் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் அவசரக் கூட்டம் போட்டு, நாற்காலியில் ஏறி நிற்காத குறையாகச் சத்தம் போட்டார்.

"வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்றாதீக. கட்டடம் அளவு கூடிப்போச்சுன்னு தெரிஞ்சா வீட்டு வரியக் கூட்டிப்புடுவாய்ங்க. நம்ம காரிடார், நம்ம நீளம், நமக்குள்ளயே இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். இலவசமாக வருகிற எதையும் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் கிடையாது.

கை தட்டாதவள் செண்பகவடிவு ஒருத்திதான், ஏனென்றால் நடைவழியின் கடைசிக் கதவு அவளுடையது, லிஃப்டுக்கு நேர் எதிரே, ஒரு காலத்தில் லிஃப்ட் கதவு திறந்தால் அவள் வீட்டுச் சாமி விளக்கே தெரியும். அவள் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை, நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இனிமேல் நம் வாழ்க்கையில் புதிதாக வரப்போவது வெள்ளெழுத்து மட்டும்தான் என்று அவள் தன்னைத்தானே கேலி பேசிக்கொண்டிருந்தபோதுதான் தனுஷ்கோடி என்கிற ரயில்வே கார்டு கண்ணாடி மாற்ற வந்தார். ஃபிரேமைப் போட்டுக் கண்ணாடியில் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, "எனக்கு இது எடுப்பா இருக்கா?" என்று கேட்டார். பிறகு திருகாணி தளர்ந்துவிட்டது என்று வந்தார், காதுப் பக்கம் அழுத்துகிறது என்று வந்தார், அழுத்தவில்லை என்று சொல்லவும் வந்தார். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேவிட்டார், அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவள் சரி என்றாள், சரி என்ற பிறகுதான் வெட்கப்பட்டாள்.

ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. தனுஷ்கோடியைத் தாய்க்குத் தாயாக நின்று வளர்த்தவர் பரமக்குடியிலிருக்கும் அக்கா மங்களேஸ்வரி. "அக்கா உன் வீட்டுக்கு வந்து உன் கையால ஒரு வாய் காப்பி குடிச்சிட்டாப் போதும்" என்றார் தனுஷ்கோடி, "குடிக்கலைன்னா, நான் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் நீயே வரமாட்ட, உன்னை எனக்குத் தெரியும்." அது உண்மைதான். வளர்த்தவள் மனம் கோணி வருகிற வாழ்வு தனக்கு வேண்டாம் என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

ஆனி முடிவதற்குள் அக்கா வந்தார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கையில் தடி, தம்பி தோளில் ஒரு கை. லிஃப்டை விட்டு இறங்கி நடந்தார், நடந்தார், மூக்கம்மாவிடம் உட்கார்ந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சைத் தின்றார், எழுந்து மறுபடி நடந்தார், கடைசிக் கதவு இன்னும் புளியங்கொட்டை அளவுக்குத்தான் தெரிந்தது. "தம்பி, ஒரு வீடு இம்புட்டுத் தள்ளி இருக்குன்னா, அது நம்மள வர வேணாங்குதுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அடுக்களையில் பால் பொங்கிக் கொண்டிருந்தது. செண்பகவடிவு அடுப்பை அணைத்துவிட்டு, அந்தப் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

மறுநாள் தனுஷ்கோடி ஃபோனில் சொன்னார்: "ஆடி பொறந்துருச்சு, இனிப் பேச்செடுக்க மாட்டாக. ஆவணி முத முகூர்த்தத்துல இன்னொரு தடவை வர ஒத்துக்கிட்டாக. அதுவும் கடைசித் தடவைன்னுட்டாக."

ஆக அவளுக்கு ஓர் ஆடி மாதம் இருந்தது, அந்த ஆடி மாதத்துக்குள் நடைவழி அடங்க வேண்டியிருந்தது.

வழி தற்செயலாகத்தான் பிறந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது, சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய உள்ளங்கை அகலக் கண்ணாடிச் சித்திரம் ஒன்றை அவள் கதவுக்கு வெளியே, லிஃப்டிலிருந்து வருகிறவர்களுக்கு இடது சுவர் ஆணியில் தற்காலிகமாக மாட்டினாள். மாட்டை வலப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிற ஒரு மனிதன், தலையில் சிவப்பு முண்டாசு, மாட்டுக்கு நீலக் கொம்பு. மறுநாள் பேப்பர் போடுகிறவர் வியர்வையே இல்லாமல் வந்து நின்று, "என்னான்னு தெரியலக்கா, அந்த மாட்டுக்காரன் கண்ணுல பட்டதும் உங்க வீடு வந்துருது" என்றார். அவள் ஓடிப்போய் நடந்து பார்த்தாள். படம் கண்ணில் படுகிற தூரத்திலிருந்து கதவு வரைக்கும் நடைவழி பழைய நடைவழியாக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, வாசலிலேயே நின்று இரண்டையும் செய்தாள்.

நல்ல விஷயம் சங்கத்தின் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பரஞ்சோதி உடனே பொறுப்பெடுத்துக்கொண்டார். சின்னப் படத்துக்கே இந்த வேலை என்றால் பெரிய படத்துக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஆளுயர அருவிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினார். நடைவழியோ குறுகல், அருவியோ அகலம், அதை முழுசாகப் பார்க்க எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, நின்றவர்கள் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்றார்கள், சிலர் துண்டும் சோப்பும் எடுத்து வந்தார்கள், நடைவழி அந்த இடத்தில் இன்னும் ஒரு தெரு அளவுக்கு நீண்டுவிட்டது. அருவியைக் கிழித்தார்கள்.

அடுத்துச் சாமி படம். அதுதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. தங்கத் தகடு ஒட்டிய தஞ்சாவூர்ப் படங்கள், பட்டாபிஷேகம், வெண்ணெய்க் கண்ணன், மீனாட்சி கல்யாணம், எல்லாம் சின்ன அளவில், கண்ணைப் பறிக்கிற அழகில் வரிசையாக ஏறின. அமலோற்பவம் டீச்சர் தன் கதவருகே வேளாங்கண்ணி மாதாவை மாட்டினார். இப்போது பாருங்கள், சாமி இருக்கிற இடத்தில் செருப்புப் போடலாமா? லிஃப்ட் வாசலிலேயே செருப்புகள் குவிந்தன. செருப்பைக் கழற்றியாயிற்று, கும்பிடாமல் போகலாமா? ஒவ்வொரு படத்துக்கும் நின்றார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினார்கள், மூக்கம்மா வெள்ளரிப்பிஞ்சை விட்டுவிட்டுக் கதம்பம் கட்ட ஆரம்பித்தாள், யாரோ ஒரு அம்மா பேரனுக்கு வேலை கிடைக்க வேண்டி நடைவழியில் அடிப்பிரதட்சணமே தொடங்கிவிட்டாள். காலை ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் மத்தியானம் லிஃப்டை அடைந்தார்கள். சரி, கழற்றிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை, பூச்சூட்டித் தீபம் காட்டிய படத்தை ஆணியிலிருந்து சும்மா பிடுங்குவதற்கு யாருக்குக் கை வரும்? மேளம் வைத்து, ஒவ்வொரு சாமியாகத் தோளில் சுமந்து, கீழே வரவேற்பு அறைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அமலோற்பவம் டீச்சரும் மாதாவை ஏந்திக்கொண்டு அதே ஊர்வலத்தில் வந்தார், நாதஸ்வரக்காரர் அவருக்காகத் தனியாக ஒரு கிறிஸ்தவப் பாட்டும் வாசித்தார்.

இதற்குள் ஆடிப்பெருக்கு தாண்டிவிட்டது. செண்பகவடிவு பொறுமை இழந்து பரஞ்சோதியின் கதவைத் தட்டினாள்.

"சார், இனிமே படத்த நான் பாத்து எடுக்கிறேன். நீங்க ஆணி மட்டும் அடிச்சுக் குடுங்க, போதும்."

"ஏத்தா, உனக்கு ஓவியத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். எனக்கு அக்கா வந்து சேரணும், அம்புட்டுத்தான் தெரியும்."

அவர் ஆணி டப்பாவைத் தேட உள்ளே போனார். அவருக்கும் கல்யாணச் சாப்பாட்டில் ஆசை இருந்தது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் பழைய சாமான் கடை இருந்தது. கடைக்காரர் பெரிதும் பளபளப்புமாக எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கடையின் பின்பக்கம் போனாள். அங்கே இரண்டு மர அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொரு சின்னப் படமாக அலமாரி விளிம்பில் சாய்த்து வைப்பாள், சந்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வருவாள். நிற்க வைக்கிற படம் வேண்டாம். பார்க்காமல் போக வைக்கிற படமும் வேண்டாம். தோழி தோளைத் தொட்டு, அங்கே பாரேன் என்று சொல்லிக்கொண்டே கூட நடக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் அந்த மைக்காப் படங்கள் கிடைத்தன. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சிப் பக்கம் வரைந்து விற்றவை, காக்காய்ப்பொன் என்கிற மெல்லிய மைக்காத் தகட்டில், அஞ்சலட்டையைவிடச் சின்னதாக, ஆனால் மூக்குத்திக் கல்கூடத் தெரிகிற நுணுக்கத்தில். தயிர்க்காரி ஒருத்தி, பல்லக்குத் தூக்கிகள், குரங்காட்டி, வளையல் செட்டி, பனையேறி ஒருவன், தலையில் விறகும் இடுப்பில் பிள்ளையுமாக ஒருத்தி, தபால் பையோடு ஓடுகிற ஒருவன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோரும் வலப்பக்கம் பார்த்து நடந்தார்கள். வரைந்தவர்களுக்கு அதுதான் கைவாகு போலிருக்கிறது. செண்பகவடிவு அத்தனையையும் புடவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள், பக்கத்து சீட்டுக்காரி கேட்டதற்கு, "என் கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

பரஞ்சோதி ஆணி அடித்தார். லிஃப்டிலிருந்து வருகிறவர்களுக்கு இடது சுவரில் கரண்ட் வயர் ஓடுகிறது என்று எல்லாப் படத்தையும் வலது சுவரிலேயே மாட்டவைத்தார், அவள் வீட்டு மாட்டுக்காரனையும் ஒரு வரிசையாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் மாற்றிவிட்டார். மறுநாள் காலை மாடியே கொண்டாடியது, கதவைத் திறந்து வெளியே காலை வைத்தவர்கள் தயிர்க்காரியோடு பேச்சுப் பராக்காக லிஃப்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. வேலை முடிந்து, காய்கறிப் பையோடு நடைவழியில் நுழைந்தவர்கள் நடந்து நடந்து போய்ப் பார்த்தால் எதிரே லிஃப்ட் நின்றது. திரும்பி நடந்தார்கள், மறுபடி லிஃப்ட். வலது சுவரில் மாட்டினால் வலப்பக்கம் பார்க்கிற ஆட்கள் எல்லோரும் லிஃப்டை நோக்கி அல்லவா நடக்கிறார்கள், கண் அவர்கள் கூடப் போனால் கால் எங்கே போகும்? மாடி முழுக்க ஆண்களும் பெண்களும் லிஃப்ட் வாசலில் அமர்ந்துவிட்டார்கள், அமலோற்பவம் டீச்சர் வாங்கி வந்த பன்ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார், யாரும் வீடு போய்ச் சேரவில்லை. மறுநாள் விடிந்தால் ஆவணி முகூர்த்தம்.

செண்பகவடிவு பன்ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்து, "சார், நம்ம ஊர்ல ரோட்ல எந்தப் பக்கமாப் போவோம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கமாத்தான் போகணும், சட்டம்."

"அப்ப போற ஆளுக்கும் அவுகவுக இடது பக்கம், வர்ற ஆளுக்கும் அவுகவுக இடது பக்கம். பாதிப் படத்த இந்தச் சுவத்துக்கு மாத்திருவோம் சார். தயிர்க்காரி அந்தப் பக்கம் வெளிய கூட்டிட்டுப் போவா, மாட்டுக்காரன் இந்தப் பக்கம் உள்ள கூட்டிட்டு வருவான்."

"வயர் ஓடுதேத்தா?"

"எனக்குக் கல்யாணம் ஓடிப்போயிரும் சார்!"

அவர் மெயினை அணைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். எல்லோரும் செல்ஃபோன் வெளிச்சம் பிடித்தார்கள். முதல் படமாக விறகுக்காரியை இடது சுவரில் மாட்டியதுமே லிஃப்ட் வாசலில் இருந்த கூட்டம் ஒரு வீடு தூரம் உள்ளே வந்துவிட்டது, பல்லக்கை மாட்டியதும் இன்னொரு வீடு, தபால்காரனை மாட்டியபோது பிள்ளைகள் ஓடவே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாக மாட்டுக்காரன் தன் பழைய ஆணிக்கே போனான். நடைவழி இப்போது சின்னதாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பரஞ்சோதி டேப்பை வைத்து அளந்து பார்த்தார், நீளம் இருந்த நீளம்தான், ஆனால் போய்ச் சேர முடிந்தது. அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

விடிந்தது. செண்பகவடிவு மாம்பழ நிறப் பட்டுக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி அதையே கட்டினாள். அமலோற்பவம் டீச்சரும் இன்னும் இரண்டு பெண்களும் தட்டில் பூவும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டார்கள்.

"செம்பகம், நீ உள்ளயே இரு" என்றார் ஒரு பெண், அவளைப் பார்க்காமல். "நல்ல காரியம் பேச வர்றாக. நீ மொத மொத எதுக்க வர்றது... தப்பா எடுத்துக்கிறாத. பெரியவுக என்ன நெனப்பாகளோ. நாங்க வாசல்ல நின்னு கூட்டியாறோம்."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வீட்டு விசேஷத்தில் தானாகவே பின்கட்டுக்கு நகர்ந்து பழகியவள்தான். ஆனாலும் இன்றைக்கு அது வலித்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே ஓரமாக, வெளியே தெரியாத இடத்தில் நின்றுகொண்டாள், அடுப்பில் டிகாக்‌ஷன் இறங்கிக் கொண்டிருந்தது.

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தடியின் சத்தம் கேட்டது, டொக், டொக். பிறகு நின்றது.

"இவளப் பார்றா தம்பி" என்ற குரல் வந்தது. "விறகையும் தூக்கிக்கிட்டு, பிள்ளையையும் இடுக்கிக்கிட்டு. என்னையப் பாத்துல்ல எழுதியிருக்கான்! நீ அப்ப இந்தக் கனந்தான் இருந்த." டொக், டொக். "இந்தப் பல்லக்குல உக்காந்திருக்கவனுக்கு நடக்குறதுக்கு என்ன கேடு? சோம்பேறி." டொக், டொக். "இந்தத் தபால்காரன் ஓடுறதப் பாத்தா எனக்கே ஓடணும்போல இருக்குடா." பேச்சு நெருங்கி வந்தது, தடிச் சத்தம் வேகமாக வந்தது, வழியில் எங்கேயும் உட்காரவில்லை, முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாட்டுக்காரனிடம் வந்து நின்றதும் சத்தம் அடங்கியது. அங்கிருந்து கதவுக்கு நாலு எட்டுத்தான். நடக்கவில்லை.

"வாங்க, உள்ள வாங்க" என்றார் டீச்சர், தட்டை நீட்டியபடி.

மங்களேஸ்வரி தட்டைத் தொடவில்லை. "நீங்கள்லாம் யாரு தாயி?"

"பக்கத்து வீட்டுக்காரங்க."

"சந்தோசம். அவ எங்க?"

தனுஷ்கோடி ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அந்த அம்மாள் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, கதவைப் பார்த்து, மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா செம்பகம்! நானும் தாலியறுத்தவதான், எனக்கு உன்னைய விட்டா யாரு எதுக்க வரணும்? நாத்தனா வாசல்ல வந்து நிக்கிறேன், கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டியா?"

செண்பகவடிவு வெளியே வந்தாள். டிகாக்‌ஷனை மறந்தாள், தலைப்பைச் சரி செய்ய மறந்தாள், நாலு எட்டையும் எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

"வாங்க மதினி" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.